சொந்த வாத்தியம் இல்லாத கலைஞர்: அயல்நாட்டில் ஓர் இசை நடத்துநரின் தொழில் வாழ்க்கை

திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் காவிரிக் கரைப் பந்தலில் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும்போது, அவர்களுக்கு முன்னால் நின்று கையசைத்து வழிநடத்த ஒருவர் தேவைப்படுவதில்லை. ஐந்து கீர்த்தனைகளும் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லோரும் பாடுவது ஒரே ஸ்வர வரிசை. ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை என்பதால், தொடையில் விழும் கைத்தாளமே அத்தனை பேரையும் கட்டி நிறுத்திவிடுகிறது. இப்படிப்பட்ட இசை மரபில் வளர்ந்த நமக்கு, மேல்நாட்டு இசைக்குழுவின் முன்னால் ஒரு சத்தமும் எழுப்பாமல் கையில் மெல்லிய கோலுடன் நிற்கும் இசை நடத்துநர் எதற்காக அங்கே நிற்கிறார், அவருக்கு ஏன் அத்தனை மரியாதை என்ற கேள்வி எழுவது இயல்பு.

மேல்நாட்டுச் சிம்பொனி இசைக்குழுவின் அமைப்பிலேயே அதற்கான விடை இருக்கிறது. எண்பது, தொண்ணூறு பேர் அமர்ந்திருக்கும் மேடையில் ஒரே நேரத்தில் இருபது வெவ்வேறு இசை வரிகள் வரை ஒலிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கலைஞரின் முன்னால் உள்ள தாளிலும் அவரவர் வாசிக்க வேண்டிய வரி மட்டுமே அச்சாகியிருக்கும். டிராம்போன் வாசிப்பவர் நெடுநேரம் எண்ணிக்கொண்டே மௌனமாக இருந்துவிட்டு, குறித்த கணத்தில் சரியான அழுத்தத்தோடு நுழைய வேண்டும். முழு இசையும் ஒருசேர எழுதப்பட்ட ஸ்கோர் நடத்துநரின் முன்னால் மட்டுமே விரிந்திருக்கிறது. அதை வாசிப்பதே தனிப் பயிற்சி. நம் சின்ன மேளத்திலும் கச்சேரி மேடையிலும் பழகிய கிளாரினெட்டையே எடுத்துக்கொள்ளலாம்: அதன் தாளில் ‘சி’ என்ற ஸ்வரம் எழுதியிருந்தால், வாத்தியத்தின் வகையைப் பொறுத்து அதைவிடத் தாழ்ந்த ‘பி ஃபிளாட்’டோ ‘ஏ’வோ ஒலிக்கும். ஹார்ன், டிரம்பெட் ஆகியவற்றுக்கும் இத்தகைய கணக்குகள் உண்டு. நடத்துநர் இவை அனைத்தையும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் மனத்தில் கேட்க வேண்டும்.

கையசைவு அதற்குப் பிறகே வருகிறது. நாம் போடும் தாளம் ஒலியோடு சேர்ந்தே விழுகிறது. நடத்துநரின் கையோ ஒலிக்கு முன்னால் போக வேண்டும். முதல் ஸ்வரத்துக்கு முந்தைய அந்த ஒரு மேல்வீச்சிலேயே காலப்பிரமாணம், ஒலியின் அளவு, அழுத்தம், குணம் ஆகிய நான்கும் அடங்கியிருக்க வேண்டும். அந்த வீச்சு தெளிவாக இல்லாவிட்டால் வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், எடுப்பு சிதறிவிடும். வலக்கை காலத்தைக் காட்ட, இடக்கை நுழைவுகளையும் ஏற்ற இறக்கங்களையும் காட்டுகிறது. ஆனாலும் இதெல்லாம் நிகழ்ச்சியன்று கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. எந்த இடத்தில் ஓபோ மேலே வர வேண்டும், எங்கே செல்லோக்கள் தணிய வேண்டும் என்பதெல்லாம் ஒத்திகையிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் இந்தத் தொழிலின் தனிச் சிக்கல் தொடங்குகிறது. நாகஸ்வரம் பயில்பவர் விடியற்காலையில் எழுந்து சீவாளியை நனைத்துக்கொண்டு தனியாகச் சாதகம் செய்யலாம். வாத்தியம் அவர் கையில் இருக்கிறது. இசை நடத்துநரின் வாத்தியம், சம்பளம் பெறும் எண்பது மனிதர்கள். அவர்களை யாராவது கொடுத்தாலொழிய அவரால் பயிற்சிகூட செய்ய முடியாது. எனவே ஒரு நடத்துநரின் வாழ்க்கைக் கதையைக் கவனமாகப் படித்தால், அவரது திறமைக்குச் சமமாக, ஒவ்வொரு கட்டத்திலும் தன் இசைக்குழுவை அவரிடம் ஒப்படைத்த நிறுவனங்களின் கதையும் அதில் ஓடுவதைக் காணலாம். இந்தியாவில் பிறந்து உலக அளவில் புகழ்பெற்ற நடத்துநரான ஜூபின் மேத்தாவின் வாழ்க்கை இதற்கு மிகத் தெளிவான சான்று.

1936-இல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்த மேத்தாவுக்கு முதல் நிறுவனம் வீட்டிலேயே அமைந்தது. தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை 1935-இல் நிறுவியவர். மகன் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்குள் ஓர் ஆர்கெஸ்ட்ரா இருந்தது என்றே சொல்லலாம். மருத்துவம் படிக்க எண்ணிப் புனித சேவியர் கல்லூரியில் சேர்ந்த மகன், அதைப் பாதியில் விட்டுவிட்டு 1954-இல் தமது பதினெட்டாவது வயதில் வியன்னாவுக்குப் போனார். தந்தையின் ஒத்திகைகளில் பதின்வயதிலேயே கோலைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தக் காலத்து இந்தியாவில் வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்த வாய்ப்பு கிடைப்பது மிக அரிது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் அவரைப் பற்றிய புகழுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான்.

வியன்னா இசை அகாதமியில் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. ஸ்கோரின் கட்டுமானத்தைப் பகுத்தறியாமல் ஒரு வீச்சும் வீசக்கூடாது என்ற கண்டிப்பான பள்ளி அவருடையது. பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கிளாடியோ அப்பாடோ அங்கே உடன் பயின்றவர். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளுக்கு வெளியார் நுழைய முடியாது என்பதால், இருவரும் ஒரு பாடகர் குழுவில் கீழ்ஸ்தாயிக் குரல் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பாடிக்கொண்டே, எதிரே நின்று நடத்துபவரின் கையையும் முகத்தையும் பாடம் படித்தார்கள். நம் பக்கத்தில் குருவுக்குத் தம்பூரா மீட்டிக்கொண்டும், தாளம் போட்டுக்கொண்டும், பின்பாட்டுப் பாடிக்கொண்டும் கற்ற சிஷ்யர்களின் கல்விக்கு இது மிக அருகில் வருகிறது. மேத்தா டபுள் பேஸ் வாத்தியத்தையும் அங்கே பயின்றார். 1956-இல் ஹங்கேரியிலிருந்து அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் பெருகி வந்தபோது, மாணவர்களைத் திரட்டி ஒரே வாரத்தில் ஓர் இசைக்குழுவை அமைத்து அகதி முகாமில் நிகழ்ச்சி நடத்தினார். யாரும் கொடுக்காத வாத்தியத்தை அவர் தாமே உண்டாக்கிக்கொண்ட தருணம் அது.

1958-இல் லிவர்பூலில் நடந்த பன்னாட்டு நடத்துநர் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பரிசோடு அந்நகரின் இசைக்குழுவில் ஓராண்டு துணை நடத்துநர் பதவியும் வந்தது. அதன் பிறகு நடந்தவை, இந்தத் தொழிலில் வாய்ப்பு எப்படி வருகிறது என்பதைக் காட்டுகின்றன. மான்ட்ரியலில் இகோர் மார்க்கெவிச்சுக்கு உடல்நலம் குன்றியபோதும், லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிரிட்ஸ் ரைனரால் வர இயலாதபோதும், இஸ்ரேலில் யூஜின் ஓர்மண்டி வராதபோதும் மாற்று ஆளாக அழைக்கப்பட்டவர் மேத்தா. இந்த மூன்று இசைக்குழுக்களும் பிற்பாடு அவரையே தலைமைப் பொறுப்பில் அமர்த்தின. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடத்துநரான ஆர்டுரோ டோஸ்கனினி, 1886-இல் ரியோ டி ஜெனிரோவில், பாட்டாலேயே நடக்கும் மேல்நாட்டு இசை நாடகமான ஓபரா ஒன்றுக்குச் செல்லோ வாசிக்கப் போன பத்தொன்பது வயது இளைஞர். நடத்துநர் விலகியதால் மேடையேறி, ஸ்கோரைப் பார்க்காமல் நினைவிலிருந்தே முழு ஓபராவையும் நடத்தியதோடு அவருடைய பெயர் வெளியே தெரிந்தது. கடைசி நிமிடத்தில் கூப்பிட்டால் ஒத்திகை இல்லாமல் நின்று நடத்தும் அளவுக்கு ஸ்கோர்களை முன்கூட்டியே மனத்தில் ஏற்றி வைத்திருப்பது இந்தத் தொழிலின் முதல் மூலதனம். அழைப்பு வந்த பிறகு படிக்க நேரமிருக்காது.

1962-இல், இருபத்தாறு வயதில், மேத்தா லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். அந்தப் பதவி அவருக்கு வந்த விதத்தில் ஒரு கசப்பும் கலந்திருந்தது. இசை இயக்குநராக முதலில் நியமிக்கப்பட்டவர் கியோர்க் ஷோல்டி. தம்மைக் கேட்காமலேயே மேத்தாவைத் துணை நடத்துநராக நிர்வாகம் அமர்த்தியதை ஏற்காமல் ஷோல்டி விலகினார், காலியான இடம் இளையவருக்கு வந்தது. 1978 வரை அங்கும், 1978 முதல் 1991 வரை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கிலும் பணியாற்றினார். இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் 1969-இல் இசை ஆலோசகராகத் தொடங்கி, 1977-இல் இசை இயக்குநராகி, 1981-இல் அப்பதவியை ஆயுள் முழுவதற்கும் பெற்று, 2019-இல் தாமாக விலகினார்.

ஒருவரே இரண்டு மூன்று நகரங்களில் ஒரே காலத்தில் பதவி வகிப்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். அயல்நாட்டு இசை இயக்குநர் ஒப்பந்தம் என்பது ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருப்பதற்கான வேலை உத்தரவு அன்று. பருவத்துக்குக் குறிப்பிட்ட சில வாரங்கள் நடத்துவதும், எந்தப் படைப்புகள், எந்த விருந்தினர்கள், எந்தப் புதிய கலைஞர்கள் என்று முடிவு செய்வதுமே அதன் சாரம். மற்ற வாரங்களில் அவர் வேறு ஊர்களில் விருந்தினராக நடத்துகிறார். ஒரு சிம்பொனி நிகழ்ச்சிக்குப் பொதுவாக மூன்று நான்கு ஒத்திகைகள் மட்டுமே கிடைக்கும். செவ்வாய்க்கிழமை முன்பின் அறியாத நூறு பேரைச் சந்தித்து, வியாழக்கிழமை இரவு அவர்களோடு அரங்கேற வேண்டும்.

ஓபராவுக்கு இந்த வேகம் போதாது. ஒரு புதிய தயாரிப்புக்கு மேடை ஒத்திகைகளே ஏறத்தாழ ஆறு வாரங்கள் பிடிக்கின்றன. முதலில் பியானோவோடு பாடகர்கள், பிறகு தனியாக வாத்தியக்காரர்கள், பிறகு இரு தரப்பும் நடிப்பில்லாமல் உட்கார்ந்தபடியே பாடியும் வாசித்தும் இணைவது, பிறகு மேடையில் உடையோடும் ஒளியோடும் முழு ஒத்திகை என்று படிப்படியாக அது வளர்கிறது. இதற்கு நேர்மாறாக, ஜெர்மனி, ஆஸ்திரிய ஓபரா அரங்குகளில் பல ஆண்டுகளாக ஓடும் பழைய தயாரிப்பொன்றை நடத்த வரும் விருந்தினருக்கு, வாத்தியக் குழுவோடு ஓர் ஒத்திகையும் கிடைக்காமல் போவதுண்டு.

நம்மூரில் ஓபரா நடத்துநரின் வேலைக்கு மிக நெருக்கமானதைப் பார்க்க வேண்டுமானால் மெலட்டூருக்குப் போக வேண்டும். நரசிம்ம ஜயந்தியையொட்டி அங்கே நடக்கும் பாகவத மேளாவில் ஆண்களே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்று, தெலுங்கு நாட்டிய நாடகங்களைப் பாடி ஆடி நள்ளிரவு தாண்டியும் நடத்துகிறார்கள். மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் நட்டுவனாரின் கண் நடிகரின் காலில் இருக்கும், கை தாளத்தில் இருக்கும், வாய் சொற்கட்டை உதிர்க்கும். பாத்திரப் பிரவேசம் சற்றே நீண்டால் பாடகர் எத்தனை முறை வரியைத் திருப்ப வேண்டும் என்பதையும் அவருடைய தலையசைவு சொல்லிவிடும். பாட்டு, மிருதங்கம், வயலின், நடிப்பு ஆகியவை எல்லாம் பிசகாமல் ஒரே புள்ளியில் வந்து நிற்பது அவர் கையில் இருக்கிறது. ஓபரா நடத்துநரும் இதையே செய்கிறார். ஆனால் அவருடைய தாளத்துக்கு ஓசை கிடையாது. மேடைக்கு முன்னால் தாழ்ந்த குழியில் வாத்தியக் குழுவோடு நிற்கும் அவர், முற்றிலும் கண்வழியாகவே ஆள வேண்டும்.

அங்கே தூரமும் ஒரு பகை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், மேடையின் ஆழத்தில் இருபது மீட்டர் தள்ளி நிற்கும் கோரஸின் குரல் நடத்துநரின் காதை அடைய நொடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. விரைவான காலத்தில் இதுவே கோரஸையும் வாத்தியத்தையும் பிரித்துவிடப் போதுமானது. அதனால் கோரஸ் தன் காதை நம்பாமல் நடத்துநரின் கோலையே பார்த்து, கேட்பதற்குச் சற்று முன்னதாகப் பாடப் பழகுகிறது. திரைக்குப் பின்னால் பாடுபவர்களுக்கு அவரது உருவம் சிறு திரைகளில் காட்டப்படுகிறது. பக்கத் திரைக்குள் நிற்கும் துணை நடத்துநர்கள் அதைப் பார்த்துத் தாமும் கையசைக்கிறார்கள். வசனம் போல ஓடும் பகுதிகளில் காலமே கரைந்து பாடகரின் மூச்சை நடத்துநர் பின்தொடர வேண்டியிருக்கிறது. அடுத்த நொடியே ஆட்சியைத் திரும்பக் கைப்பற்ற வேண்டும். எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது இழுத்துப் பிடிப்பது என்ற இந்தப் பக்குவம் ஓபரா அரங்கில் கிடப்பவர்களுக்கு மட்டுமே வருகிறது.

இதற்காகவே ஜெர்மன் மொழி நாடுகளில் ஒரு நீண்ட ஏணி இருக்கிறது. இசைக் கல்லூரி முடித்த இளைஞர் ஏதாவது சிறு நகர அரங்கில் ஒத்திகைப் பியானோ வாசிப்பவராகச் சேர்கிறார். பாடகர்களுக்கு அவர்களுடைய வரிகளைச் சொல்லிக் கொடுக்கிறார். கோரஸைத் தயார் செய்கிறார். முதல் நடத்துநர் நோயுற்ற இரவில் குழிக்குள் இறங்குகிறார். புகழ்பெற்ற நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காராயான் இப்படித்தான் 1929 முதல் ஊல்ம் என்ற சிறு நகரின் அரங்கில் ஐந்தாண்டுகள் உழைத்து, பிறகு ஆஹனுக்குப் போய், அதன் பிறகே பெர்லினை அடைந்தார். இந்த ஏணி நிற்பதற்குக் காரணம் அரசுப் பணம். ஜெர்மனியில் மட்டும் பொதுநிதியில் ஊதியம் பெறும் இசைக்குழுக்கள் ஏறத்தாழ 130 இருக்கின்றன. ஓபரா நடத்தும் பொது அரங்குகள் எண்பது அளவில் இருக்கின்றன. கும்பகோணம் அளவுள்ள ஊரிலும் ஓர் ஓபரா அரங்கு நிரந்தர ஊழியர்களோடு இயங்கக்கூடும்.

மேத்தா இந்த ஏணியில் ஏறவில்லை. இசைக்குழுக்களின் வழியாக ஓபராவுக்கு வந்தார். மான்ட்ரியலில் இருந்தபோது முதல் ஓபராவை நடத்தினார், 1965-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் வெர்டியின் ‘அயீடா’வோடு அறிமுகமானார். 1985 முதல் ஃபிளாரன்ஸ் நகரின் ஓபரா விழாவோடு முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிணைந்திருந்தார். 1998 முதல் 2006 வரை மியூனிக்கில் பவேரிய அரசு ஓபராவின் தலைமை இசை இயக்குநர். 1990-இல் ரோமாபுரியின் பழைய குளியல் மண்டப இடிபாடுகளில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற புகழ்பெற்ற ஓபரா பாடகர்கள் மூவரும் பாடிய நிகழ்ச்சியை நடத்தியதால், ஓபரா பக்கமே போகாதவர்களும் அவருடைய முகத்தை அறிந்தார்கள். ஆனாலும் ஒரு நடத்துநராக அவருடைய ஆழத்தை மதிப்பிட, மியூனிக்கின் குழியில் இரவுக்கிரவு நின்ற எட்டாண்டுகளையே நான் முதலில் பார்ப்பேன்.

பவேரிய அரசு ஓபராவின் அந்த இசைக்குழுவோடுதான் அவர் 2005 டிசம்பர் 26 அன்று சென்னை மியூசிக் அகாதமிக்கு வந்தார். ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவு நாள் அது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிருந்தது. அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் உறவை இழக்காத தெரு குறைவு. டெல்டாவின் துக்கத்துக்காக உலகின் தலைசிறந்த ஓபரா வாத்தியக் குழுக்களில் ஒன்று சென்னை வரை வந்து வாசித்தது என்பதை இங்குள்ளவர்கள் பலரும் அறியாமலே இருக்கிறோம். அந்நிகழ்ச்சியை நாகையிலோ தஞ்சையிலோ நடத்தியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அத்தகைய குழுவுக்கு ஏற்ற ஒலியமைப்புள்ள அரங்கு இங்கே இல்லை.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்களைக் கொண்ட பேண்டு குழுவை வைத்திருந்தார். மேல்நாட்டு இசைத் தாள்களை வரவழைத்துச் சேர்த்தார். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு அவர் சேர்த்த செல்வங்களில் அவையும் அடங்கும். நாட்டிய இசையாசிரியர்களான தஞ்சை நால்வர் இயங்கிய அதே சபையில் கிளாரினெட்டும் ஒலித்தது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் இயற்றினார்; அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர்க்காரர்களின் காது அந்த இசைக்கு மூடியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1855-இல் வாரிசில்லாமல் மன்னர் மறைய, அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டதோடு அரண்மனைச் சம்பளமும் நின்றது. கலைஞர்கள் சென்னைக்கும் மற்ற சமஸ்தானங்களுக்கும் பிரிந்தார்கள். வயலினும் கிளாரினெட்டும் தனி வாத்தியங்களாக நம் கச்சேரிக்குள் வந்து நிலைத்தன. பலர் கூடி வாசிக்கும் நிறுவனம் மட்டும் நிலைக்கவில்லை. ஊதியம் கொடுத்து வாத்தியக் குழுவைக் காப்பாற்ற ஒரு கை இல்லாதபோது நடத்துநர் என்ற தொழிலுக்கு இங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

மேத்தாவைவிடச் சில மாதங்கள் மூத்த ஜப்பானிய நடத்துநர் செய்ஜி ஒசாவாவை அவரோடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஒசாவா ஜப்பானில் ஹிதேயோ சாய்டோ என்ற ஆசிரியரிடம் தேர்ந்து, 1959-இல் பிரான்சின் பெசான்சோன் போட்டியை வென்று, 1973 முதல் 2002 வரை பாஸ்டனிலும், 2002 முதல் 2010 வரை வியன்னா அரசு ஓபராவிலும் தலைமை வகித்தார். அவர் புறப்படும்போதே ஜப்பானில் இசைக் கல்லூரிகளும் தொழில்முறை இசைக்குழுக்களும் வேரூன்றியிருந்தன. ஆகவே அவருக்குப் பிறகும் அங்கிருந்து நடத்துநர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். இந்தியாவிலோ மேத்தாவுக்குப் பின் அந்த உயரத்தில் இன்னொரு பெயர் இல்லை. மும்பையில் இந்தியச் சிம்பொனி இசைக்குழு 2006-இல்தான் தொடங்கியது, அதன் கலைஞர்களில் கணிசமானோர் அயல்நாட்டவர். இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோது நம் தெருக்களெல்லாம் மகிழ்ந்தன. வாசித்த குழுவும் நடத்தியவரும் அந்நாட்டவர்களே. படைத்தவர் நம்மவர், நடத்துவதற்கான பயிற்சிக் களம் இன்னும் நம்மிடம் இல்லை.

இந்தத் தொழிலை மனத்தில் கொண்டு வியன்னாவுக்கோ பெர்லினுக்கோ விண்ணப்பிக்கும் இளைஞரிடம் கேட்கப்படுவது: பியானோவில் உறுதியான கை, ஸ்கோரைப் பார்த்துப் பியானோவில் சுருக்கி வாசிக்கும் திறன், ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்களைக் கேட்டவுடன் பிரித்துச் சொல்லும் காது, ஜெர்மன் மொழி, ஓபராவுக்கு இத்தாலியனும் பிரெஞ்சும். காதுப் பயிற்சியில் நம் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் இல்லை. லயக் கணக்கில் முன்னாலேயே நிற்பார்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பியானோ, வயலின் தேர்வுகளை ஒவ்வொரு கிரேடாக முடிப்பதும் இன்று முடிகிற காரியம். இருபது பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாக அமர்ந்து, தத்தம் வரியை வாசித்து, அடுத்தவர் வரியைக் கேட்கும் ஒரு தந்தி வாத்தியக் குழுவைத் திருவையாற்று அரசு இசைக் கல்லூரியோ, தஞ்சையில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையமோ நடத்த முன்வந்தால், அதில் ஒரு பிள்ளை எழுந்து முன்னால் போய் நிற்பதற்கு இடம் கிடைக்கும். வயலினுக்கு நம்மிடம் ஆசிரியர் பஞ்சமில்லை. வயோலாவுக்கும் செல்லோவுக்கும் சென்னையிலிருந்து மாதம் இருமுறை யாரையாவது வரவழைக்க வேண்டியிருக்கும். அந்தப் பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் யார் ஏற்பது என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு.